வீட்டார் எடுத்த கடன், உங்கள் பேரில்: எங்கிருந்து தொடங்குவது?

மகளிர் குழுவில் அக்கா பேரில் எழுபதாயிரம் எடுத்தார்கள். பணம் தம்பியின் ஆட்டோவுக்குப் போனது. ஆசிரியையின் சம்பளச் சீட்டைக் காட்டி ஐந்து லட்சம் தனிநபர் கடன். பணம் கணவரின் தொழிலில் கரைந்தது. அம்மாவின் வளையல் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. மீட்டுத் தருவதாகச் சொன்ன பெரிய மகன் இப்போது போனை எடுப்பதில்லை. குழுக் கடன் பெண்களைத் தேடி வருகிறது. வங்கியோ சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண்) கெடாதவருக்குத்தான் கொடுக்கிறது. அதனால் வீட்டில் யார் பேர் சுத்தமாக இருக்கிறதோ அவரிடம்தான் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

கடன் வாங்கியாயிற்று, கட்டுகிறேன் என்றவர் கட்டவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையெழுத்தே போட்டிருக்கக் கூடாது என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கும் கடன் கொடுத்தவருக்கும் இடையே ஒரு கணக்கு இருக்கிறது. உங்களுக்கும் உங்கள் உறவினருக்கும் இடையே இருப்பது வேறு கணக்கு. அண்ணன் மேல் உள்ள கோபத்தில் வங்கித் தவணையை நிறுத்துவதும், வங்கிக்காரர் மேல் உள்ள பயத்தில் அண்ணனிடம் எதையும் எழுதி வாங்காமல் விடுவதும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. கீழே சொல்வதெல்லாம் இவற்றைத் தனித்தனியாக வைத்துத் தீர்க்கும் வழிதான்.

உங்கள் நிலை எது?

கையெழுத்து உங்களுடையது, பணம் மட்டும் அவர் வாங்கிக்கொண்டார் என்றால் சட்டத்தின் கண்ணில் கடன்காரர் நீங்கள்தான். "எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்வி, வங்கியிடம் சொல்லித் தப்பிக்கும் பதில் ஆகாது.

ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தாலும் நிலை பெரிதாக மாறாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. முதலில் அவரைத் துரத்திவிட்டு அப்புறம்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. சாட்சிக் கையெழுத்து இதில் சேராது. வெறும் சாட்சியாகப் போட்டவரிடம் கடனைக் கேட்க முடியாது. எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பத்திர நகலை வாங்கிப் பாருங்கள். "சும்மா சாட்சிக்குத்தான்" என்று சொல்லி ஜாமீன் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது நம் ஊரில் பழைய வித்தை.

மூன்றாவது, உங்களுக்குத் தெரியாமலே ஆதாரையும் பான் அட்டையையும் வைத்து, கையெழுத்தையும் போட்டு எடுத்த கடன். அதன் வழியே வேறு. பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

நான்காவதாக ஒன்று உண்டு: கடன் உங்கள் பேரிலேயே இல்லை, ஆனாலும் உங்களிடம் கேட்கிறார்கள். கணவர் தன் பேரில் மட்டும் வாங்கிய கடனுக்கு, கையெழுத்துப் போடாத மனைவி பொறுப்பாக மாட்டார். அப்பா இறந்துவிட்டால், அவரிடமிருந்து உங்கள் கைக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் அவருடைய கடன் உங்களைத் தொடும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50, 52ஆவது பிரிவுகள் சொல்வது இதைத்தான். சொத்து எதுவும் வரவில்லை என்றால் உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது. தகப்பன் கடனை மகன் அடைத்தே ஆக வேண்டும் என்ற பழைய தர்மக் கடமையும் 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களில் நீதிமன்றத்தில் எடுபடாது. துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தன்று வந்து "நீதான் மூத்தவன், ஒரு கையெழுத்துப் போடு" என்பார்கள். அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். குழுக் கடன் என்றால் இன்னொன்றும் பாருங்கள். பெரும்பாலும் கடனோடு காப்பீடும் பிடித்திருப்பார்கள். கடன் வாங்கியவரோ, சில திட்டங்களில் அவருடைய கணவரோ இறந்தால் பாக்கியைக் காப்பீடு அடைக்கும். இறப்புச் சான்றிதழைக் கொடுத்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

எல்லாக் கடனையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள்

ஒரு கடன் தெரியவந்தால் இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் கடன் விவரங்களைத் திரட்டும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபிலை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், நான்கையும் எடுத்துப் பாருங்கள். அறிக்கையில் "விசாரணை" என்ற பகுதியையும் படியுங்கள். உங்கள் பேரில் யார் யாரிடம் கடன் கேட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும்.

வீட்டுப் பத்திரம், மனைப் பத்திரம் சம்பந்தப்பட்டிருந்தால் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவு செய்த அடமானம் அதில் வந்துவிடும். பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதில் வராது. பத்திரம் பீரோவில் இருக்கிறதா என்று நேரில் பார்ப்பதுதான் வழி.

தண்டல், வாரக் கடன், ப்ரோநோட் (கடன் உறுதிச் சீட்டு), சீட்டு எடுத்த பாக்கி ஆகியவை எந்த அறிக்கையிலும் இருக்காது. அவற்றை வாயால் கேட்டு எழுத வேண்டியதுதான். அடகு ரசீதுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கடன் கொடுத்தவர், யார் பேர், அசல், இன்றைய பாக்கி, மாதத் தவணை, தவணைத் தேதி, கொடுத்திருக்கும் ஈடு அல்லது காசோலை, பணத்தை உண்மையில் யார் செலவழித்தார் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி விவரத்தை எழுதும்போது வீட்டில் சண்டை வரும். வரட்டும், அது இல்லாத தாள் பின்னால் உதவாது.

தவணையை நிறுத்தலாமா?

"நான் கட்ட மாட்டேன், அப்பத்தான் அவனுக்கு உறைக்கும்." இப்படித்தான் பெரும்பாலானோர் முடிவெடுக்கிறார்கள். உறைக்காது. வங்கியிலிருந்து போன் உங்களுக்குத்தான் வரும், சிபில் உங்களுடையதுதான் விழும், தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன் என்று உங்கள் பேர்தான் ஏறும். அண்ணன் வேறொருவர் பேரில் அடுத்த கடன் எடுக்கப் போய்விடுவார்.

கையெழுத்து உங்களுடையது, கட்டவும் முடியும் என்றால் கட்டுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாயையும் அவர் கணக்கில் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் கட்ட முடியாவிட்டால் வரிசைப்படுத்துங்கள். யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்று பார்த்து முதலில் கொடுக்காதீர்கள். தவறினால் எது திரும்பி வராதோ அதற்கு முதலிடம். ஏலத்துக்குப் போகவிருக்கும் நகை, வீட்டின் மேல் உள்ள கடன், காசோலை கொடுத்திருக்கும் கடன் ஆகியவை முன்னால் வர வேண்டும். நகைக்கு முழு அசலும் இல்லாவிட்டால் வட்டியையாவது கட்டித் திருப்பி வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஏலம் போடுமுன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பாக்கி போக மிச்சப் பணத்தைக் கடன் வாங்கியவருக்குத் திருப்பித் தர வேண்டும். அந்த மிச்சம் யார் பேரில் அடகு இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். உங்கள் நகையை மச்சான் தன் பேரில் வைத்திருந்தால் அது அவர் கணக்கில் விழும் என்பதை மறக்க வேண்டாம்.

காசோலையை முன்னால் வைக்கக் காரணம், அது திரும்பினால் குற்றவழக்கு வரும் என்பதே. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவுப்படி, காசோலை திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்புவார். அது கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்பது வீண் நம்பிக்கை.

ஈடு இல்லாத தனிநபர் கடனும் கிரெடிட் கார்டும் கடைசியில் நிற்கட்டும். ஒரு கடனை அடைக்கத் தண்டலில் இன்னொன்று எடுப்பதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். பத்து மாதத்தில் தீர வேண்டியது பத்து வருடத்துக்கு இழுப்பது பெரும்பாலும் அதனால்தான்.

வீட்டில் பேசுவதும் எழுதி வாங்குவதும்

விசேஷ வீட்டில், நாலு பேர் முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மானம் போய்விட்டது என்று அவர் எழுந்து போக ஒரு சாக்குக் கிடைத்துவிடும். அவருக்கு மரியாதை உள்ள ஒரே ஒருவரை, மாமாவோ சித்தப்பாவோ, வைத்துக்கொண்டு பேசினால் போதும். கடந்த காலத்தைப் பேசாமல் தாளைப் பேசுங்கள். "அண்ணே, இந்த மூணு லோன் என் பேர்ல இருக்கு. ரெண்டுல பணம் உங்களுக்கு வந்துச்சு. மாசம் ஒன்பதாயிரத்து நானூறு. இதுல உங்களால எவ்வளவு முடியும், எந்தத் தேதிக்கு முடியும்?" என்று கேட்கலாம். "எல்லாத்தையும் கட்டுறேன்" என்ற பதிலைவிட "மாசம் நாலாயிரம் முடியும்மா" என்ற பதில் உங்களுக்கு மேல். முன்னது நேரம் கடத்தும் பேச்சாகவே பெரும்பாலும் முடிகிறது.

பேசியதை எழுதுங்கள். கடன் கணக்கு எண், மொத்தத் தொகை, அதில் அவர் பயன்படுத்தியது எவ்வளவு, இன்றைய பாக்கி, மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவார், தவறினால் என்ன ஈடு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கீழே அவர் கையெழுத்தும் சாட்சிகள் இருவர் கையெழுத்தும் வேண்டும். முத்திரைத் தாளில் எழுதினால் பலம் கூடும், வெள்ளைத் தாளானாலும் எழுதாததைவிட மேல். பணத்தை உங்கள் கையில் கொடுக்காமல் நேராகக் கடன் கணக்கிலோ உங்கள் வங்கிக் கணக்கிலோ போடச் சொல்லுங்கள். ரொக்கமாக வாங்கினால் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற அடுத்த சண்டை தயாராகிவிடும்.

எழுத மாட்டேன் என்பவர் இருப்பார். "கூடப் பொறந்தவன்கிட்ட பத்திரமா?" என்று அம்மாவே கேட்பார். அப்படியானால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். "அண்ணே, என் பேர்ல உங்களுக்காக எடுத்த ஒன்றரை லட்சம் லோனுக்கு இந்த மாச டியூ பத்தாம் தேதி. எப்பப் போடுவீங்க?" என்று அனுப்புங்கள். "அஞ்சாம் தேதி போட்டுர்றேன்" என்று ஒரு வரி வந்தாலே அவர் கடனை ஒப்புக்கொண்டதாகக் காட்ட அது உதவும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போன் மாற்றும்போது எடுத்து வையுங்கள். இப்படிப்பட்ட பணத்தைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் அவகாசம். காலக்கெடு முடியுமுன் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். இதே விதி உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். யாரோ பழைய ப்ரோநோட்டைக் காட்டி "ஒரு ஆயிரம் மட்டும் கொடுத்துப் பின்னாடி வரவு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றால், தேதியைப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

இவை எதுவும் நடக்கவில்லை என்றால் பாகப்பிரிவினை இருக்கிறது. பூர்வீகச் சொத்து இன்னும் பிரியாத குடும்பமாக இருந்தால், உங்கள் பேரில் அவர் எடுத்த கடனை அவருடைய பங்கில் கழிக்கும்படி பேசி, பத்திரத்திலேயே எழுதிவிடலாம். நீதிமன்றம் ஏறாமல் உள்ளூரில் தீர்ந்த கணக்குகளில் இந்த வழியில் தீர்ந்தவை கொஞ்சநஞ்சமல்ல. விடுதலைப் பத்திரத்தில் (சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கையெழுத்துக் கேட்டு அவர்கள் உங்களிடம் வரும் நாள்தான் உங்கள் பேச்சுக்கு அதிக எடை உள்ள நாள்.

கணவர் உங்கள் நகையை விற்று, மிரட்டிக் கையெழுத்து வாங்கி, சம்பளத்தையும் பிடுங்கிக்கொள்கிறார் என்றால் அதைக் குடும்பப் பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறையையும், சீதனத்தை விற்பதையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் அழைத்தால் உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் வழிகாட்டுவார்கள்.

கடன் கொடுத்தவரிடம்

வங்கிக்கு நேரில் போய்க் கணக்கு அறிக்கையும் கடன் ஒப்பந்த நகலும் கேளுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்ட முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு தவணை தவறுவதற்கு முன்னால் போனால் கிடைக்கும் மரியாதை பின்னால் கிடைக்காது. ஒரே தடவையாக முடித்துக்கொள்ளலாம் என்று குறைந்த தொகைக்கு இறங்கி வந்தால், அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். இதில் ஒரு விலை உண்டு. அறிக்கையில் "அடைக்கப்பட்டது" என்று வராமல் "செட்டில்டு" என்று வரும், அடுத்த சில வருடங்களுக்குக் கடன் கிடைப்பது சிரமமாகும். இனிக் கடனே வேண்டாம் என்று இருப்பவருக்கு அது பெரிய நஷ்டம் இல்லை என்பது என் கருத்து.

குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகள் தெளிவானவை. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தருவது அந்தக் கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. வசூல் பேசிவைத்த இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் அங்கே வரவில்லை என்றால்தான் வீட்டுக்கு வரலாம்.

கையெழுத்தே உங்களுடையது இல்லை என்றால்

இங்கே மட்டும் தவணை கட்டாதீர்கள். ஒரு தவணை கட்டினாலும் "தெரிந்துதானே கட்டினீர்கள்" என்ற கேள்வி வரும். கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். இந்தக் கடனை நான் வாங்கவில்லை, விண்ணப்பம், அடையாளச் சான்று நகல், பணம் போன வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தாருங்கள் என்று கேளுங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதில்தான் ஆள் மாட்டுவார். கூடவே கடன் தகவல் நிறுவனத்திலும் ஆட்சேபம் பதியுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது.

அடுத்த படிதான் கடினம். போலீஸ் புகார் இல்லாமல் பெரும்பாலான நிறுவனங்கள் கடனை நீக்காது. புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையில் தம்பி பேர் வரும். கையெழுத்தைப் போலியாகப் போட்டு ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 336ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். அவ்வளவு தூரம் போக மனம் வராதவர்கள், குறிப்பிட்ட தேதிக்குள் அவரே முழுவதையும் அடைப்பதாக ஒப்புதல் எழுதி வாங்கிப் பார்க்கலாம். அந்தத் தேதி தாண்டியும் நடக்கவில்லை என்றால் நிலையத்துக்குப் போவதைத் தவிர வழியில்லை. புகார் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் "இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி கனத்துக்கொண்டே போகும். இதற்கு நேர்மாறான ஒன்றையும் செய்யாதீர்கள். நீங்களே போட்ட கையெழுத்தை, தப்பிப்பதற்காகப் போலி என்று சொல்லாதீர்கள். பொய்ப் புகார் உங்களையே குற்றவாளியாக்கும்.

ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. இன்றைக்கே பூட்டுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஓடிபி வரும் போன் எண் யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் அம்மாவின் ஆதாரோடு இணைந்திருப்பது மகனின் எண்.

மிரட்டினால்

வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. குழுக் கடனில் இது காலை 9 முதல் மாலை 6 வரைதான். வசைச்சொல், சொந்தக்காரர்களுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் போன் போட்டு அவமானப்படுத்துவது, பேரை ஊரறியப் போடுவது எல்லாமே தடை. தமிழ்நாட்டில் 2025இல் வந்த சட்டம், கட்டாயப்படுத்தி வசூலிப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் போன்றவற்றுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

அழைப்புகளைப் பதிவு செய்யுங்கள், தேதி நேரம் குறித்து வையுங்கள். வங்கி, நிதி நிறுவனம் என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, உதவி எண் 14448. லோன் ஆப்காரர்கள் உங்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் நேராக சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

"ஜெயிலுக்கு அனுப்புவோம்" என்று பெண்களிடம் சொல்வது வழக்கம். பணம் கட்டச் சொல்லும் சிவில் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்ணைக் கைது செய்யவே முடியாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56ஆவது பிரிவு. 60ஆவது பிரிவோ சமையல் பாத்திரத்தையும் படுக்கையையும், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணியையும் ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. தாலியைக் கழற்றச் சொல்பவன் எந்தச் சட்டத்தின் பேரிலும் பேசவில்லை. காசோலை வழக்கு மட்டும் இதில் சேராது, அது குற்றவழக்கு.

கட்டியதைத் திரும்பப் பெற

ஜாமீன்தாரராக நீங்கள் கட்டியிருந்தால், கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடம் கேட்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆவது பிரிவில் இருக்கிறது. வங்கியிடம் இருந்த ஈட்டின் மேலும் 141ஆவது பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. உங்கள் பேரிலேயே எடுத்த கடன் என்றால் சிவில் வழக்கு. அங்கேதான் அந்த வாட்ஸ்அப் வரியும் வங்கிப் பரிமாற்றமும் வேலைக்கு வரும்.

வழக்குக்கு முன்னால் தாலுகா நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். கட்டணமில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, எண் 15100. இருவரையும் அழைத்துப் பேசவைத்து, ஒத்துப்போனால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்ப்பாக எழுதுவார்கள். அதற்கு மேல்முறையீடு இல்லை. வீட்டுக் கூடத்தில் எழுத மறுத்தவர் அங்கே எழுதுவதுண்டு. சொல்வது தங்கை இல்லை, நீதிபதி என்பது காரணமாக இருக்கலாம்.

முடிக்கும்போது கையில் வாங்க வேண்டியவை

கடைசித் தவணையோடு கடன் முடிந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பாக்கி இல்லை என்ற சான்றிதழ், கொடுத்த வெற்றுக் காசோலைகள், ப்ரோநோட், சொத்துப் பத்திரம் என எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் வங்கியோ நிதி நிறுவனமோ சொத்துப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தானியங்கிப் பிடித்தத்தை வங்கியில் ரத்து செய்யுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை மறுபடி எடுத்து, கணக்கு மூடியதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

தனியாரிடம் வாங்கிய கடனில் "பேப்பர் எங்கேயோ கிடக்கு, தேடித் தர்றேன்" என்பார்கள். அப்படியானால் தொகை முழுவதும் வந்துவிட்டது, இன்ன எண் காசோலையும் இன்ன தேதி ப்ரோநோட்டும் இனிச் செல்லாது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக்குப் போய் அந்தக் காசோலை எண்களை நிறுத்தி வைக்கச் சொல்லி, கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.